பனையேற்றத் தொழிலில் அபாயமும் காப்பும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பொறுமையோடு வாசித்துச் செல்வோர், சுரங்கம், கப்பல், மின்சாரம் முதலியவற்றைக் கடந்து, யானைகளையும் காட்டு விலங்குகளையும் பழக்கி வேலை வாங்குவோரைக் குறிக்கும் இனத்தை அடுத்து, பனை வகை மரங்களில் சாறு இறக்குவோரும் மரம் வெட்டுவோரும் ஓரினமாக வைத்து எண்ணப்பட்டிருப்பதைக் காண்பர். மரமேறுதல் உயிருக்கு அபாயமான தொழில் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அவ்வாறிருந்தும், அத்தொழிலை நம்பி வாழ்ந்த தென்பாண்டிச் சீமைப் பனையேறிக்கு மட்டும் பாதுகாப்பு என்பது நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்ததேன் என்னும் வினாவே இக்கட்டுரைக்குப் பொருள். அசட்டுத் துணிச்சல், விதியின்மேல் பாரத்தைப் போடும் மனப்பான்மை, புதியதை ஏற்காத பிடிவாதம் என்று ஏறுவோனின் சுபாவத்தையே காரணமாகக் கூறுவது படித்தவர்களின் வழக்கம். அவ்விடையில் உண்மை சிறிதும், பழிபோடும் சௌகரியம் பெரிதுமாகக் கலந்திருக்கின்றன என்பது இவ்வாராய்ச்சியால் புலப்படும்.

முதற்கண் அபாயத்தின் அளவை அறிதல் வேண்டும். முற்றிய பனை 60 அடிக்கு மேலும் வளரும். பாளை சீவும் பருவம் தை, மாசியில் தொடங்கி ஆடியை ஒட்டி முடிவதுண்டு. அக்காலம் முழுவதும் காலையில் ஒருமுறை பதநீர் இறக்கவும், மாலையில் ஒருமுறை பாளை சீவவும் ஒவ்வொரு மரத்திலும் ஏறியாக வேண்டும். ஒருவர் பேணும் மரங்கள் 30, 40 என்றிருத்தல் சாதாரணம். 40 மரங்கள், சராசரி 50 அடி, நாளொன்றுக்கு இருமுறை என்று கொண்டால் ஏறும் உயரம் மட்டும் 4,000 அடியாகிறது, இறங்குவது வேறு. 150 நாளைய பருவத்தில் ஏற்றத்தின் எண்ணிக்கை 12,000. இருபது ஆண்டு உழைத்தவனுக்கோ 2,40,000. ஓர் ஏற்றத்தில் கை வழுவும் சாத்தியம் எத்துணை அற்பமாயினும், அந்த அற்பத்தை இரண்டரை லட்சத்தால் பெருக்கிப் பார்க்கும்போது அது அற்பமாக இராது. அன்றியும், வெயில் ஏறினால் சாறு புளித்துவிடும் ஆதலால், விடியற்பொழுதின் மங்கலில், பனி படிந்து வழுக்கும் மரத்தில் ஏறுவது தவிர்க்கவியலாத நியமமாயிற்று. வேலையின் நேரத்தை நிச்சயிப்பவன் ஏறுபவன் அல்லன், கலயத்துச் சாறே.

இனி, ஏறும் முறையைச் சற்று அருகிலிருந்து நோக்குவோம். அடிமரம் பருத்திருப்பதால், முறுக்குத்தடியைச் சாய்த்து, அதில் கால்வைத்து முதற்பிடி பெறுகிறான். இரு பாதங்களையும் பிணைக்கும் தளைநார் மரத்தின் சொரசொரப்பைக் கவ்வ, கைகளால் மரத்தைத் தழுவி, உடலைச் சுருக்கியும் நீட்டியும் மேற்செல்கிறான். மார்பில் தோல்பட்டை, இடுப்பில் பாளை அரிவாளும் பாளையை நசுக்கும் கடிப்பும் சுண்ணாம்பும் அடங்கிய பெட்டி. மரத்தண்டில் ஏறுவதைக் காட்டிலும் கடினமானது, தண்டை விட்டு மட்டைகளுக்கிடையே கொண்டைக்குள் புகும் அந்தச் சில கணங்களே. மரத்தைத் தழுவிய கையில் ஒன்றை எடுத்து, இருபுறமும் வாள்போற் கருக்கு ஓடிய மட்டையின் அடியைப் பற்றி, உடலின் பாரம் முழுவதையும் அதில் ஏற்ற வேண்டும். அம்மட்டை பச்சையாயிருந்தால் தாங்கும். உள்ளே உலர்ந்து பிடிப்பற்றிருந்தால் கையோடு வந்துவிடும். ஆகவே தேர்ந்தவன் பாரத்தை ஏற்றுமுன் ஒருமுறை இழுத்துப் பார்த்தே பற்றுகிறான். கொண்டைக்குள் கடந்தைக் கூடு இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். குளவி கொட்டும்போது இரு கைகளும் முகத்தை நோக்கி எழாமல் அடக்கிக்கொள்ளும் பயிற்சியை எந்த ஆசானும் கற்பிக்க இயலாது.

இவ்வுபகரணங்களை வரிசைப்படுத்தி ஆராயும்போது ஓர் உண்மை வெளியாகின்றது. மார்புத்தோல் தேய்மானத்தைத் தடுக்கிறது. தளைநார் வழுக்கலைத் தடுக்கிறது. பெட்டி கைகளுக்கு விடுதலை அளிக்கிறது. விழுந்தபின் தாங்கிப்பிடிக்கும் சாதனம் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. காப்பு முழுவதும் விழாமலிருப்பதிலேயே வைக்கப்பட்டது. அதாவது, ஏறுவோனின் தசையிலும் நரம்பிலும் கவனத்திலும் வைக்கப்பட்டது. நார் நைந்தால் மாற்றுவது, மழை நனைத்த மரத்தை விட்டுவைப்பது, மட்டையைச் சோதிப்பது ஆகிய சம்பிரதாயங்கள் யாவும் ஒரு முழுமையான ஜாக்கிரதை முறையே. ஆனால் இம்முறை இளமைக்கும் ஆரோக்கியத்துக்கும் ஏற்றது. காய்ச்சலுக்கும், பட்டினிக்கும், மூப்புக்கும் அதில் இடமில்லை. 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த கிறிஸ்தவ மதபோதகர் கால்டுவெல், திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி 1849இல் வெளியிட்ட நூலில் அவர்தம் அறிவைத் தாழ்த்திப் பேசி, பின்னர்ப் பலத்த எதிர்ப்புக்கு இலக்கானார். ஏறுவோனின் புத்தியில் குறை காணும் வழக்கத்துக்கும் ஒரு வம்சாவளி உண்டென்பதைச் சுட்டவே இதனை இங்கே குறித்தேன்.

தெலுங்கு நாட்டின் முறை வேறு. அங்கே கள்ளிறக்குவோர் மோகு என்னும் வடத்தால் இடுப்பையும் மரத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டு, அதில் சாய்ந்தபடி ஏறுகின்றனர். கைகள் களைப்பதில்லை; மேலே நின்றுகொண்டே பாளையைச் சீவலாம். பார்வைக்கு இது நம்மவர் முறையினும் பத்திரமாகவே தோன்றும். எனினும் கால் வழுவி வடம் நழுவும்போது உடல் தலைகீழாகத் திரும்பி, கால் சிக்கிய நிலையில் மரத்தின் நடுவே தொங்குவதும், மேலேறி இறக்க ஆளின்றி நெடுநேரம் தவிப்பதும் அப்பிரதேசத்துச் செய்திகளில் அடிக்கடி வருவன. கயிறு இருப்பது ஒன்று, கயிறு காப்பது வேறொன்று என்பதை இந்த ஒப்பீடு விளக்குகிறது.

அரசாங்கம் இத்தொழிலை நோக்கிய விதத்துக்கு வருவோம். 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்தை ஒட்டி மரவரி முறை பரவியபோது, சாறிறக்கும் மரம் ஒவ்வொன்றும் அடையாளமிடப்பட்டு, எண்ணப்பட்டு, வரிக்குள்ளாயிற்று. 1937இல் இராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபின், கேள்வி மரத்தைவிட்டுக் கலயத்துக்கு மாறியது: கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கிறதா, தடவியது போதுமா, உள்ளிருப்பது பதநீரா கள்ளா என்பதே அதிகாரிகளின் விசாரம். இடையில் சில ஆண்டுகள் கடை திறந்து மூடியதும், 1987 தொடக்கத்திலிருந்து கள் முற்றிலும் தடையானதும் யாவரும் அறிந்தவை. இவ்வளவு நீண்ட காலத்தில் மரத்தின் எண் பதிவாயிற்று, கலயத்தின் வெண்மை சோதனையாயிற்று. தளைநாரின் நைவை மட்டும் சோதிக்க ஓர் உத்தியோகஸ்தரும் வந்ததில்லை. ஜே. சி. குமரப்பா, கஜானன் நாயக் போன்ற கிராமக் கைத்தொழில் அறிஞர்கள் பனைவெல்லத்தை வளர்க்கப் பட்ட பாடு மிகப் பெரிது. மதுவிலக்கால் வேலையிழந்தவனுக்கு வெல்லத்தால் பிழைப்புத் தேடித் தந்த அந்த இயக்கத்தை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் அவர்களுடைய கவலையும் அடுப்பிலிருந்தும் வாணலியிலிருந்தும் மேலே, கொண்டை வரையில், போதிய அளவு ஏறவில்லை என்றே தோன்றுகிறது.

முற்கூறிய நஷ்டஈட்டுச் சட்டம் பயன் தராததற்கும் காரணம் உண்டு. அச்சட்டம் முதலாளி ஒருவர், அவரிடம் வேலைக்கமர்ந்த தொழிலாளி ஒருவர் என்னும் உறவை அடிப்படையாகக் கொண்டது. பனையேறியோ பெரும்பாலும் கூலியாள் அல்லன். மரத்தைக் குத்தகைக்கு எடுப்பான். அல்லது ஒருநாள் பதநீர் மரக்காரருக்கு, மறுநாள் பதநீர் தனக்கு என்னும் வார ஏற்பாட்டில் ஏறுவான். கருப்பட்டி காய்ச்சுபவள் அவன் மனைவி. விறகு தேடுவதும் அவள் வேலையே. இத்தகைய ஏற்பாட்டில் மரத்திலிருந்து விழுந்தவன் எவருடைய தொழிலாளி? மரம் மரக்காரருடையது, இலாபத்தில் பாதி அவருடையது, நஷ்டம் மாத்திரம் முழுவதும் ஏறினவனுடையது. யானைப்பாகனுக்கு அடுத்த இடத்தைச் சட்டப் புத்தகத்தில் பெற்றவன், நடைமுறையில் அதன் வாசலுக்கு வெளியே நின்றான். பிற்காலத்தில் பனைமரத் தொழிலாளருக்கெனத் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்து, முதலாளியைத் தேடாமலே விபத்து உதவி பெற வழி ஏற்பட்டது மெய்யான முன்னேற்றம்; ஆனால் உதவி என்பது விழுந்தபின் வருவது. மரத்திலிருந்து விழுதல் இந்நாட்டுக் கிராமங்களில் தண்டுவடக் காயத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்று. விபத்தில் கால்கள் செயலிழந்த மேரி வர்கீஸ் என்னும் பெண் மருத்துவர் வேலூரில் 1966இல் தொடங்கிய புனர்வாழ்வு நிலையம் போன்றவை தோன்றும் வரையில், இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவனுக்குத் திண்ணையும் படுக்கைப் புண்ணுமே கதி.

அடுத்து இயந்திரத்தின் காலம். கேரளத்தில் கண்ணூரை அடுத்த செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்னும் விவசாயி அமைத்த ஏறுகருவி, இரண்டு இரும்புச் சட்டங்களும் மரத்தை வளைக்கும் கம்பிவடங்களும் கொண்டது. ஒவ்வொரு காலாக உயர்த்தி, நின்ற நிலையிலேயே மேலே செல்லலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ பயிற்சியால் இக்கருவி பரவியது. மரமேறியறியாத இளைஞரும் மகளிரும் தொழிலுக்கு வந்தனர். காசர்கோட்டுத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் அதனோடு பாதுகாப்பு இணைப்பு ஒன்றையும் சேர்த்தது. இவ்வெற்றியைக் கண்டோர், பனையேறியும் இதனை ஏன் மேற்கொள்ளலாகாது என்று வினவுகின்றனர். விடை மரத்திலேயே இருக்கிறது. தென்னையின் தண்டு ஏறக்குறையச் சீரானது. காய் பறிப்பவன் கொண்டைக்குக் கீழே நின்று அரிவாளை நீட்டினால் போதும். பனையின் அடி பருத்து, நடு சிறுத்துச் செல்வதால் வடத்தின் சுற்றளவை வழியில் மாற்ற வேண்டும். கழுத்தில் ஒட்டிய பழைய மட்டையடிகள் வடத்தைத் தடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாளை சீவுபவன் கருவியை விட்டிறங்கிக் கொண்டைக்குள் புகுந்தே தீர வேண்டும். மிக அபாயமான இடத்தில் கருவி கைவிட்டுவிடுகிறது. மேலும், மரந்தோறும் கருவியைப் பூட்டிக் கழற்றுவதற்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் 40 மரத்துக்கு 200 நிமிஷம் ஆகிறது. அதற்குள் பதநீர் புளித்துவிடும். இதனைப் பிடிவாதம் என்பவர் கணக்குப் பார்க்காதவர்.

2024 ஜூலையில் தெலங்கானா அரசு, ரங்காரெட்டி மாவட்டத்து லஷ்கர்குடாவில், கள்ளிறக்குவோருக்கு இடுப்புவார், கயிறு முதலியன அடங்கிய பாதுகாப்புத் தொகுதியை வழங்கத் தொடங்கியது. அத்தொழிலாளர் வழிபடும் தெய்வத்தின் பெயராகிய காட்டமய்யாவையே அத்தொகுதிக்குச் சூட்டியதில் ஒரு விவேகம் உண்டு: புதிய கயிறு பழைய நம்பிக்கைக்குப் பகையன்று என்பதைப் பெயரே கூறிவிடுகிறது. மலையேறுவோரின் கருவியை மரமேறுவோனுக்கு இணக்கமாக்கும் இம்முயற்சி, மோகு வடத்துக்குப் பழகிய இடுப்பில் எளிதில் அமையக்கூடும். இடுப்பில் கயிறே அறியாத நம் தெற்கத்தியருக்கு அது அவ்வளவு இயல்பாகப் பொருந்தாது.

ஆதலால் வேறொரு திசையிலும் நோக்குதல் தகும். பர்மாவிலும் கம்போடியாவிலும் இதே பனையில் சாறிறக்குவோர், மூங்கில் ஏணியையோ கணுக்கிளை விட்ட நெடுமூங்கிலையோ மரத்தோடு கட்டிப் பருவம் முழுவதும் விட்டுவைக்கின்றனர். ஒரே மரத்தில் 300 முறை ஏற வேண்டியிருக்கையில், கருவியை மனிதனோடு கட்டுவதைவிட மரத்தோடு கட்டுவதே சிக்கனம் என்னும் யுக்தி இதில் அடங்கியிருக்கிறது. பூட்டவும் கழற்றவும் நேரம் போவதில்லை. மூங்கில் மக்கினால் அதுவும் ஆளை வீழ்த்தும்; ஆண்டுதோறும் புதுக்க வேண்டும். நம் தெற்கத்தியரின் செம்மணல் தேரிக் காட்டில் மூங்கிலும் இல்லை; விலைகொடுத்து வாங்கினால் 40 மரத்துக்கு 40 ஏணி. ஏணிக்குப் பதிலாகக் கொண்டையின் அடியில் நிலையாக ஒரு கயிற்றைக் கட்டி, ஏறுவோனின் இடுப்புவாரை அதில் கோத்துக்கொள்ளச் செய்யலாம். அப்போதும் 40 கயிறு வேண்டும். அவை மரக்காரரின் செலவா, ஏறுபவனின் செலவா என்பதை வார ஏற்பாட்டின் பேச்சு எதுவும் தீர்மானிப்பதில்லை. குத்தகை ஆண்டுக்காண்டு கைமாறும் வரையில், அடுத்த மாசியில் வேறொருவன் ஏறப்போகும் மரத்துக்குச் சொந்தக் காசில் கயிறு கட்ட எந்தப் பனையேறியும் முன்வரமாட்டான்; விபத்து நடந்தபின் குடும்பத்துக்குக் கொடுக்கும் நல வாரியமோ, கயிற்றைத் தன் செலவினங்களில் ஒன்றாக இன்னும் கருதத் தொடங்கவில்லை.