ஹை ஜம்ப் கிக்

ஹை ஜம்ப் கிக் என்பது, ஜப்பானிய நிறுவனமாகிய கேம் ஃபிரீக் ஆக்கி, நிண்டெண்டோ வெளியிட்டுவரும் போகிமான் என்னும் காணொளி விளையாட்டு வரிசையில், சண்டை இனத்தைச் சேர்ந்த தாக்குதல்களுள் ஒன்று. உயரத் தாவி முழங்காலால் எதிரியை மோதுவதாகிய இத்தாக்குதல், பலித்தால் எதிரிக்குப் பேரடியாகவும், தவறினால் தாவியவனுடைய உயிர்ப்புள்ளிகளிலேயே பாதியைப் பறித்துக்கொள்ளும் தண்டமாகவும் முடிகிறது. ஆதலின் அபாயம் மிகுந்த பிரயோகங்களுக்கு உதாரணம் கூற நேரும்போதெல்லாம் ஆட்டக்காரர்களின் நாவில் முதலில் வரும் பெயர்களுள் இதுவும் ஒன்றாயிருக்கிறது. விளையாட்டின் தாக்குதல் அட்டவணையில் இதன் எண் 136. பெரும்பாலான பதிப்புகளில் 2010 முதல் நிலைபெற்ற விதிப்படி இதன் வலிமை 130. துல்லியம் 100-க்கு 90. ஒருமுறை நிரப்பிய பின் 10 தடவை பிரயோகிக்கலாம்.

விளையாட்டின் இயல்பு

1996 பிப்ரவரி 27-ஆம் நாள் ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளியான முதற்பதிப்பு தொடங்கி இன்றுவரை பெரும்பாலான பதிப்புகளில் இவ்விளையாட்டின் அடிப்படை மாறவில்லை. பயிற்சியாளன் ஒருவன், தான் பிடித்து வளர்த்த விசித்திரப் பிராணியைக் களத்தில் இறக்கிவிட்டு, தான் ஓரமாக நின்று, அது கற்ற நான்கு தாக்குதல்களில் எதைச் செய்ய வேண்டுமென்று ஒவ்வொரு சுற்றிலும் கட்டளையிடுகிறான். எதிரியும் அவ்வாறே செய்கிறான். எவனுடைய பிராணியின் உயிர்ப்புள்ளி முதலில் பூஜ்யமாகிறதோ அது மயங்கி விழுகிறது.

வளர்த்தவன் வெளியே நிற்க, வளர்ந்தது உள்ளே போரிடும் இந்த முறை தமிழருக்குப் புதியதன்று. சேவற்கட்டில் காலெடுத்துத் தாவி அடிக்கும் சேவலையும், களத்தின் விளிம்பில் குந்தியிருந்து மூச்சை அடக்கிப் பார்க்கும் அதன் உடையவனையும் அறியாத தமிழ்க் கிராமம் முன்னாளில் அரிது. போரில் மாண்ட சேவலுக்கு நடுகல் எழுப்பி அதன் உருவத்தைப் பொறித்த வழக்கத்திற்கு விழுப்புரம் வட்டாரத்து அரசலாபுரத்துக் கல் இன்றும் சாட்சியாக நிற்கிறது. ஆனால் சேவற்கட்டில் சிந்துவது மெய்யான இரத்தம். போகிமானிலோ குறைவது எண் மட்டுமே. இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இத்தாக்குதலின் சரித்திரம் விளங்கும்.

பெயரும் மூலமும்

ஜப்பானிய மொழியில் இத்தாக்குதலின் பெயர் தோபி ஹிஸா கெரி. பறந்து முழங்காலால் உதைத்தல் என்பது அதன் பொருள். இப்பெயர் கற்பனையில் உதித்ததன்று. சவமுரா தடாஷி என்னும் உதைச்சண்டை வீரர் (1943-2021), கராத்தே அப்பியாசத்திலிருந்து வந்து, 1966-இல் ஜப்பானில் புதிதாகப் பிறந்த கிக் பாக்ஸிங் மேடையில் ஏறி, தொலைக்காட்சியின் வழியே நாடெங்கும் பிரசித்தி பெற்றவர். அவருக்கு உரிய முத்திரையாக விளங்கியது பறந்து தாக்கும் முழங்காலடியே. 1970-இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவிய அசைவூட்டச் சித்திரத் தொடரும் ஒளிபரப்பாயிற்று. அவருடைய புகழின் தொடக்கத்தில் ஒரு பெருந்தோல்வி இருக்கிறது: அதே 1966-இல் தாய்லாந்து வீரர் ஒருவரை எதிர்த்து நின்ற அவர், பதினாறு முறை தரையில் வீழ்த்தப்பட்டுத் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பின்னரே தாய்லாந்து முறையை ஊன்றிப் பயின்று அவர் மேலெழுந்தார் என்பர்.

போகிமானின் முதற்பதிப்பில் இத்தாக்குதலைக் கற்கும் பேறு ஒரே ஒரு பிராணிக்குத்தான் வாய்த்தது. தலையும் உடலும் ஒன்றாகி, கால்கள் மட்டும் சுருள்வில்லைப் போல் நீண்டு சுருங்கும் அப்பிராணியின் ஜப்பானியப் பெயர் சவமுராவின் பெயரிலிருந்தே அமைந்தது. ஆங்கிலப் பதிப்பில் புரூஸ் லீயை நினைவூட்டும் வகையில் அதற்கு ஹிட்மன்லீ என்று பெயரிட்டனர். சாஃப்ரான் நகரத்துப் போர்க்கூடத்தின் தலைவனை வென்றவனுக்கு, ஹிட்மன்லீயையோ, கையால் குத்துவதில் வல்ல ஹிட்மன்சானையோ, இரண்டில் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்ளும் உரிமை கிட்டும். ஹிட்மன்லீ தன் 38-ஆம் படியில் ஜம்ப் கிக் என்னும் சிறிய உதையையும், 48-ஆம் படியில் ஹை ஜம்ப் கிக் என்னும் பெரிய உதையையும் கற்கும்.

மூலமாகிய தாய்லாந்து முறை, பினாங்கின் வடபுறத்து வாசகர்களுக்குத் தொலைதூரத்துச் செய்தியன்று. செபராங் பிறை வடக்கிலுள்ள கெப்பாலா பத்தாஸிலிருந்து மூடா ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலம். கடாரம் என்று நம் முன்னோர் வழங்கிய அந்நாட்டிலும் அதனை அடுத்த வடமாநிலங்களிலும் தோமோய் என்ற பெயரால், முழங்கையும் முழங்காலும் கொண்டு பொருதும் இச்சண்டை நெடுநாளாக வழங்கிவருகிறது. பாங்காக்கிலிருந்து தோக்கியோவுக்குச் சென்று, அங்கிருந்து ஒரு சிறு கருவியின் திரைக்குள் புகுந்த முழங்கால், பிறந்த திசையிலிருந்து பார்க்கையில் நமக்கு அண்டை வீட்டுப் பிள்ளையே.

விதியின் சரித்திரம்

மெய்யான உலகில் தாவி விழுபவனைத் தண்டிக்க விதி எழுத வேண்டியதில்லை. மண்ணே அதைப் பார்த்துக்கொள்ளும். பினாங்கு மக்கள் நன்கறிந்த செப்பாக் தக்ராவில், வலைக்கு முதுகைக் காட்டி எழும்பி, அந்தரத்தில் முழுச் சுழற்சி சுழன்று பிரம்புப்பந்தை உதைக்கும் வீரன், கணம் ஒன்று பிந்தினால் பந்தும் போய், புள்ளியும் போய், தோளும் தரையில் மோதும் என்பதை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் விளையாட்டுக் கருவிக்குள் மண்ணுக்கு எடையில்லை, வீழ்ச்சிக்கு வலியில்லை. அங்கே அபாயத்தின் விலையை ஒரு மனிதன் உட்கார்ந்து கணக்கிட்டு எழுதியாக வேண்டும். ஹை ஜம்ப் கிக்கின் சரித்திரம், அந்த விலையை எழுதத் தெரியாமல் தொடங்கி, பதினான்கு ஆண்டுகளில் எழுதக் கற்றுக்கொண்ட சரித்திரமாகும்.

1996-இல் இதன் வலிமை 85 மட்டுமே. தவறினால், பட்டிருந்தால் எதிரிக்கு நேர்ந்திருக்கக்கூடிய சேதத்தில் எட்டில் ஒரு பங்கை உதைத்தவன் ஏற்க வேண்டுமென்பது ஆக்கியோரின் உத்தேசமாயிருந்தது. நிரலில் அந்த வகுத்தல் எழுதப்பட்டும் இருக்கிறது. ஆயினும், அடி தவறியவுடனேயே சேதத்தின் எண் பூஜ்யமாக்கப்பட்டுவிடுவதால், பூஜ்யத்தை எட்டால் வகுத்த நிரல், குறைந்தபட்ச அளவாகிய ஒரே ஒரு புள்ளியை மட்டும் கழித்துத் திருப்தியடைந்தது. முள் குத்தினாற்போன்ற இந்தத் தண்டத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. பெயரளவில் அபாயமாக இருந்த தாக்குதல் செயலளவில் அபாயமற்றதாயிற்று.

1999-இல் வெளியான இரண்டாம் தலைமுறையில் பிழை திருத்தப்பட்டு, எட்டில் ஒரு பங்கு உண்மையாகவே கழிக்கப்பட்டது. 2002-இல் வந்த மூன்றாம் தலைமுறை அதைப் பாதியாக உயர்த்தி, எதிரியின் முழு உயிர்ப்புள்ளிகளில் பாதிக்கு மேல் போகாதபடி வரம்பும் கட்டியது. இம்முறையில் ஒரு விபரீதம் இருந்தது. தன் உதைக்கு மிகவும் பலவீனமான எதிரியைத் தேர்ந்து தாவுபவனே விவேகி. ஆனால் அவன் தவறும்போது, நேர்ந்திருக்கக்கூடிய சேதம் பெரிதாக இருப்பதால் அவனுக்கே தண்டமும் பெரிதாகும். உறுதியான எதிரிமேல் மூடத்தனமாகத் தாவியவனோ சிறு காயத்தோடு தப்பிவிடுவான். சாமர்த்தியத்திற்குத் தண்டமும் அசட்டுத்தனத்திற்குச் சலுகையும் தரும் விதி நெடுங்காலம் நிற்கலாகாது. 2006-இல் வந்த நான்காம் தலைமுறை, வலிமையை 100 ஆக்கியதேயன்றி இந்த விபரீதத்தைத் தொடவில்லை.

2010-இல் வெளியான ஐந்தாம் தலைமுறையே இதற்கு முடிவு கட்டியது. வலிமை 130 ஆக உயர்ந்தது. பிரயோக எண்ணிக்கை 20-இலிருந்து 10 ஆகக் குறைந்தது. எதிரி யாராயினும், சேதம் எத்தனையாயிருந்திருப்பினும், தவறியவன் தன் முழு உயிர்ப்புள்ளிகளில் பாதியை இழப்பான் என்று நிலைநாட்டப்பட்டது. அளவுகோல் எதிரியின் உடம்பிலிருந்து தன் உடம்புக்கு மாறியது. அன்றுமுதல்தான் இத்தாக்குதல் தன் பெயருக்கேற்ற அச்சத்தைப் பெற்றது.

கணக்கு

100-க்கு 90 என்ற துல்லியம் கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினும், மூன்று முறை தொடர்ந்து பலிக்கும் வாய்ப்பு 72.9 சதவீதமே, பத்துப் பிரயோகங்களையும் பிழையின்றி முடிக்கும் வாய்ப்பு 35 சதவீதத்திற்குச் சற்றுக் குறைவு. வலிமை 130-ஐத் துல்லியத்தால் பெருக்கினால் சராசரி 117 ஆகும். துல்லியம் 100-க்கு 100 ஆகிய குளோஸ் காம்பாட் என்னும் தாக்குதலின் வலிமையோ 120. பின் எதற்காக இதனைத் தேர்வர் எனின், குளோஸ் காம்பாட் ஒவ்வொரு முறையும் பலித்துக்கொண்டே தன் உடையவனின் இருவகைத் தற்காப்பையும் ஒவ்வொரு படி குறைக்கும். ஹை ஜம்ப் கிக்கோ பலிக்கும்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை. முன்னது மாதந்தோறும் வட்டி வாங்கும் கடன். பின்னது ஒருநாள் வந்து வீட்டையே ஜப்தி செய்யும் கடன்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். 50-ஆம் படியிலுள்ள ஹிட்மன்லீ, பிறவிக்கூறு முழுமையாக அமைந்து உயிர்ப்புள்ளியில் தனிப்பயிற்சி ஏதும் பெறாதிருப்பின், அதற்கு 125 புள்ளிகள் இருக்கும். பாதி என்பது பின்னம் நீக்கி 62. ஒருமுறை தவறினால் 63 எஞ்சும், மறுமுறையும் தவறினால் 1 எஞ்சும், பிராணி நிற்கும். இதே எண் 124 அல்லது 126 ஆக இருந்திருப்பின் இரண்டாம் தவறிலேயே கதை முடிந்திருக்கும். ஆகவேதான் இத்தாக்குதலைச் சுமக்கும் பிராணிக்கு ஒற்றைப்படை எண்ணில் உயிர்ப்புள்ளி அமைத்துக்கொள்வது கைதேர்ந்தவர்களின் வழக்கம். எதிரி இடையே ஓர் அடியும் அடிக்காதிருந்தால்தான் அந்த ஒரு புள்ளி மிஞ்சும் என்பதையும் அவர்கள் அறிவர்.

தடையும் துணையும்

எண்ணின் விளையாட்டால் தவறுவது ஒரு வகை. எதிரியின் யுக்தியால் தவறுவது மற்றொரு வகை. புரொடெக்ட் என்னும் கவசத்தை எதிரி அந்தச் சுற்றில் எடுத்தாலும், சண்டை இனத்து அடி ஊடுருவிச் செல்லும் பேய் இனத்துப் பிராணியை அவன் சமயம் பார்த்து மாற்றி இறக்கினாலும், உதைத்தவன் தரையில் மோதுவான். இதனால், உண்மையான அபாயம் நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் அடங்குவதில்லை. எதிரியின் மனத்தைப் படிக்கத் தவறுவதில்தான் இருக்கிறது. இருவர் இருவராக இறங்கும் இரட்டைப் போட்டிகளில் புரொடெக்ட் ஏறக்குறைய எல்லோர் கையிலும் இருப்பதால், அங்கே இதனைப் பிரயோகிக்கத் துணிபவர் குறைவு. கிராவிட்டி என்னும் தாக்குதல் களத்தின் புவியீர்ப்பை அதிகமாக்கியிருக்கும் போது, தாவவே முடியாதாகையால், இதற்கு இடமேயில்லை.

துணையாவனவும் உண்டு. ரெக்லஸ் என்னும் இயல்புடைய ஹிட்மன்லீயும் மியன்ஷாவும் உதைக்கும்போது வலிமை 20 சதவீதம் கூடி 156 ஆகும். வைட் லென்ஸ் என்னும் கண்ணாடியை அணிந்தால் துல்லியம் 99 ஆகும். பிளண்டர் பாலிசி என்னும் பொருளை வைத்திருந்தால், துல்லியக் குறைவால் தவறிய கணத்தில் பாதி உயிர் போயினும் வேகம் இரு மடங்காகும். 2014-இல் அறிமுகமான மெகா லொபன்னி என்னும் முயல் வடிவம், தன் ஸ்கிராப்பி இயல்பால் பேய் இனத்தையும் உதைக்க வல்லதாகையால், எதிரியின் பேய் மாற்று யுக்தி அதனிடம் பலிப்பதில்லை.

மதிப்பீடு

தண்டம் இல்லாத துணிவு விளையாட்டாகாது. தண்டம் மட்டுமுள்ள துணிவை எவரும் விரும்பார். ஒரு புள்ளித் தண்டத்தோடு 85 வலிமை பெற்றிருந்த 1996-இன் உதையை ஒருவரும் அஞ்சவுமில்லை, பெரிதாகப் போற்றவுமில்லை. பாதி உயிரைப் பணயமாகக் கேட்கும் உதையோ ஹிட்மன்லீயைக் கடந்து மெடிசாம், பிளேஸிகன், லொபன்னி முதலிய பல பிராணிகளின் முதன்மை ஆயுதமாக விளங்கியது. 2022-இல் ஆக்ஸ் கிக் என்ற பெயரிலும், 2023-இல் சூப்பர்செல் ஸ்லாம் என்ற பெயரிலும் இதே தண்டத்தையுடைய புதிய தாக்குதல்களை ஆக்கியோர் சேர்த்தமை, அவ்விதியின் செம்மைக்கு அவர்களே அளித்த நற்சான்று.

உடன்பிறந்த இரண்டு உதைகளுள், வலிமையிலும் அபாயத்திலும் சிறியதாகிய ஜம்ப் கிக், 2019-இல் வெளியான எட்டாம் தலைமுறையில் நீக்கப்பட்டது. பெரியதாகிய ஹை ஜம்ப் கிக் இன்றும் வழக்கில் இருக்கிறது.