ஆண்டின் நீளம்



"பொங்கல் நேற்று வந்தாற்போல இருக்கிறது, அதற்குள் தீபாவளியும் கழிந்துவிட்டதே" என்று முதியோர் சொல்லக் கேட்கிறோம். அதே வீட்டுச் சிறுவனுக்கோ அடுத்த தீபாவளி எட்டாத் தொலைவில் நிற்கிறது. இருவருக்கும் நாட்காட்டி ஒன்றே. ஆண்டின் நீளம் மட்டும் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை அறிஞரும் நம் முன்னோரும் எவ்வாறு நோக்கினர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பிரெஞ்சு மெய்யியலறிஞர் போல் ஜானே 1877ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். பத்து வயதுச் சிறுவனுக்கு ஓர் ஆண்டு அவன் வாழ்நாளிற் பத்தில் ஒரு பங்கு. ஐம்பது வயதினருக்கு ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே அது குறுகித் தோன்றுகிறது என்றார். 1890ஆம் ஆண்டில் வெளிவந்த தம் உளவியல் நூலில் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இக்கணக்கை எடுத்தாண்டார். ஆயினும் இதனை மனத்தின் அடிப்படை விதியென ஏற்றிலர். இளமையில் நாடோறும் புதியன காண்கிறோம். பின்னரோ நாட்கள் வழக்கத்திற் கரைந்து அடையாளமின்றிப் போகின்றன. அதனாலேயே ஆண்டு சுருங்குகிறது என்பது அவர் கருத்து.

தமிழ் மரபோ வயதுக்கேற்ப அளவுகோலையே மாற்றிக்கொண்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடியது குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். அவ்வகை நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கும். மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை இப்பருவங்கள் அமையும் என்பது பொதுவான கணக்கு. தலையெடுத்து ஆடுவது ஒரு பருவம். கை கொட்டுவது ஒரு பருவம். தளர்நடையிட்டு வருவது மற்றொன்று. இரண்டு ஆண்டுகள் நிரம்புமுன் பத்துப் படிகள்! முதுமைக்கோ அறுபதாம் ஆண்டு நிறைவு ஒரு படி. ஏறக்குறைய எண்பது ஆண்டும் பத்து மாதமும் கடந்து, ஆயிரம் பிறை கண்டவராவது மற்றொரு படி.

அறுபது என்னும் எண் வானத்தோடு இயைந்தது. வியாழன் ஞாயிற்றை ஒருமுறை சுற்றச் சற்றேறக்குறைய 12 ஆண்டுகளும், சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளும் ஆகும். ஆகவே ஐந்து வியாழச் சுற்றும் இரண்டு சனிச் சுற்றும் அறுபதை அண்மிய காலத்தில் முடிகின்றன. பிரபவ முதல் அட்சய வரையுள்ள அறுபது பெயர்களும் தீர்ந்தபின் பழைய பெயரே திரும்பும். தாம் பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வரக் காண்பது, முற்காலத்தில் எல்லோர்க்கும் வாய்த்த பேறன்று.

இம்முறையில் வரலாற்றாசிரியருக்கு இடர் ஒன்றுண்டு. ஓர் ஏட்டில் "குரோதி" என்று மட்டும் இருப்பின் அது எந்தக் குரோதி? வாரமும் நட்சத்திரமும் உடன் குறிக்கப்பட்டிருந்தாலன்றித் தெளிவது அரிது. பொதுமக்கள் இவ்விடரை வேறு வழியால் நீக்கினர். நிகழ்ச்சியையே ஆண்டின் பெயராக்கினர். 1964ஆம் ஆண்டு டிசம்பரில், குரோதி ஆண்டு மார்கழியில், திருகோணமலையையும் மன்னாரையும் சூறாவளி தாக்கியது. மட்டக்களப்பைச் சூறாவளி சூறையாடியது 1978ஆம் ஆண்டு நவம்பரில். ஆகவே "சூறாவளிக்கு முந்திய ஆண்டு பிறந்தவள்" என ஒரு மூதாட்டி கூறின், அவர் எவ்வூரவர் என வினவியே அவர் வயதை அறிதல் வேண்டும்.

குரோதி 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் திரும்பி வந்தது. அந்தச் சூறாவளி ஆண்டிற் பிறந்த குழந்தைகள் அறுபது வயது நிரம்பினர். பெயர் மீண்டது, அன்று கூரை பறந்த வீடும் கடல் கொண்ட உறவினரும் மீளவில்லை. அவற்றை நேரிற் கண்டோரும் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். அவர்களுடைய அண்மைய பத்து ஆண்டுகள் ஒரு திங்களாகச் சுருங்கியிருக்கலாம். அந்த ஓர் இரவோ இன்னும் நீண்டே கிடக்கிறது.

ஆகவே இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள அப்புவையோ ஆச்சியையோ அணுகி, "உங்களுக்கு நீளமாயிருந்த ஆண்டு எது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஆண்டையும் ஊரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். குரோதி மறுபடியும் திரும்பும்போது, எந்தக் குரோதி என ஐயுறுவார்க்கு அக்குறிப்பு விடை சொல்லும்.