லெ புளோனின் வண்ணப் பிரிப்பு: கோட்பாடும் கைத்தேர்ச்சியும்

ஜேக்கப் கிறிஸ்டோஃப் லெ புளோனை (1667–1741) இன்றைய நான்கு வண்ண அச்சின் தந்தை எனக் குறிப்பது அச்சு வரலாற்றில் வழக்கம். இக்கூற்று பாதியளவே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பிராங்பர்ட்டில் பிறந்த லெ புளோன் ஓவியர். நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றன் கலவையால் பிற வண்ணங்களைப் பெறலாம் என்னும் கொள்கையை அவர் அச்சுக்குக் கொண்டுவந்தார். 1719இல் இங்கிலாந்தில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1725 அளவில் வெளியான 'கொலொரிட்டோ' நூலில், ஒளியின் வண்ணங்கள் கலந்தால் வெண்மையும் நிறப்பொருள்கள் கலந்தால் கருமையும் தோன்றும் என வேறுபடுத்தினார். நியூட்டனின் ஒளியியல் நூல் வெளிவந்து (1704) அப்போது இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன.

கோட்பாடு தெளிவானது, செய்முறையோ அத்துணை எளிதன்று. செப்புத்தகட்டின் பரப்பு முழுவதையும் பற்களுடைய கருவியால் முதலில் சொரசொரப்பாக்குவர். அந்நிலையில் அச்சிட்டால் அது அடர்ந்த ஒரே நிறத்தைத் தரும். வெளிற வேண்டிய இடங்களைப் பின்னர்ச் சுரண்டியும் தேய்த்தும் வழவழப்பாக்குவர். வழவழப்பு மிகுந்தால் மை குறையும். வண்ணத்திற்கு ஒன்றாக இத்தகைய தகடுகள் மூன்று. ஒரு கன்னத்தின் நிழலில் நீலம் எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்பதை மூல ஓவியத்தை நோக்கி மனத்தளவில் பிரித்தறிந்தே தகட்டைத் தேய்க்க வேண்டும். அளக்கும் கருவி ஏதுமில்லை. மூன்றும் ஒரே தாளில் ஒன்றின்மேலொன்று பதிந்த பின்னரே பிழை புலப்படும்.

ஆகவே அவர் காப்புரிமை பெற்றது ஒரு முறைக்கு. தொழிலைத் தாங்கியதோ கண்ணின் தேர்ச்சி. 1720இல் லண்டனில் தொடங்கிய அவரது நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நொடித்தது. நிருவாகக் குறைகளைக் காரணமாகச் சுட்டுவர், மறுப்பதற்கில்லை. ஆயினும் பிறருக்கு எளிதில் கைமாற்ற இயலாத தேர்ச்சிக்கும் இச்சரிவில் பங்குண்டு எனக் கருதுகிறேன்.

கருந்தகடு பற்றிய பூசலையும் இவ்வாறே நோக்கலாம். பாரிசில் அவரிடம் சிறிதுகாலம் பணியாற்றிய கோத்தியே, கருமைக்கான நான்காம் தகட்டைத் தம் கண்டுபிடிப்பு என உரிமை கோரினார். யார் முந்தியவர் என்பதைவிட, அத்தகடு ஏன் வேண்டியிருந்தது என்பதே முதன்மையான வினா. மூவண்ணக் கோட்பாட்டின்படி கருமைக்குத் தனித் தகடு தேவையில்லை. தூய்மையற்ற மைகள் கலக்கும்போது கிடைப்பதோ கலங்கிய பழுப்பு.

பிரிக்கும் வேலை கண்ணிலிருந்து வண்ணக் கண்ணாடிக்கு மாறியது 1860களில்தான். மேக்ஸ்வெல் 1861இல் மூன்று வண்ண வடிகட்டிகள் வழியே ஒளிப்படம் எடுக்கச் செய்து காட்டினார். அம்முறையை நிறப்பொருள்களுக்குப் பொருத்தும் வழியை டுகோ டு ஓரோன் 1868–69இல் வகுத்தார். அதன் பின்னரும் மைகளின் மாசை ஈடுசெய்ய, நெகட்டிவ்களைக் கையால் திருத்துவோர் இருபதாம் நூற்றாண்டிலும் பட்டறைகளில் தேவைப்பட்டனர்.