ஏரியின் அடியில் ஒரு புகாட்டி

2010 ஜனவரி 23 அன்று பாரிஸ் நகரின் ரெட்ரோமொபில் கண்காட்சியையொட்டிப் போனம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு கார் விற்பனைக்கு வந்தது. அதைக் கார் என்று அழைப்பதே பழக்கத்தினால்தான். உடற்பகுதியின் ஒரு பக்கம் பெருமளவு அரித்துப்போயிருந்தது. எஞ்சிய உலோகத்தின்மீது ஏரியின் சேறு படிந்து இறுகியிருந்தது. அதன் எஞ்சின் இனி ஒருநாளும் இயங்கப்போவதில்லை என்பதை அரங்கில் இருந்த அனைவரும் அறிவர். எழுபதாயிரம் முதல் தொண்ணூறாயிரம் யூரோ வரை கிடைக்கலாம் என்பது ஏல நிறுவனத்தின் மதிப்பீடு. கட்டணங்கள் உட்பட அது விலைபோனது 2,60,500 யூரோவுக்கு. வாங்கியவர் பீட்டர் முல்லின் என்னும் கலிஃபோர்னியச் சேகரிப்பாளர்.

ஓடாத காருக்கு இவ்வளவு விலை ஏன் என்ற கேள்வியைச் செல்வந்தர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தொல்பொருளைப் பேணுதல் என்பது எதைப் பேணுதல் என்ற, வரலாற்றுத் துறையினர் நூற்றைம்பது ஆண்டுகளாக வாதிட்டுவரும் வினா இந்த விற்பனைக்குள் இருக்கிறது.

முதலில் அந்தப் பொருளின் பிறப்பு. எட்டோரே புகாட்டி இத்தாலியில் பிறந்து, அல்சேஸ் பகுதியிலுள்ள மோல்ஸைம் ஊரில் தொழிற்சாலை அமைத்தவர். அவர் தொழில் தொடங்கியபோது அவ்வூர் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அது பிரான்சின் வசம் வந்தது. 1921இல் இத்தாலியின் பிரேஷா நகரில் நடந்த சிறுகார்ப் பந்தயத்தில் அவருடைய கார்கள் முதல் நான்கு இடங்களையும் பிடித்தன. அன்றுமுதல், ஒன்றரை லிட்டர் கொள்ளளவும் பதினாறு வால்வுகளும் கொண்ட எஞ்சினுடைய அவ்வகைக் கார்களுக்குப் 'பிரேஷா' என்ற பெயர் நிலைத்தது. அச்சுகளுக்கு இடையிலான நீளத்தைப் பொறுத்து அவை டைப் 13, டைப் 22, டைப் 23 எனப் பிரிக்கப்பட்டன. ஏலத்துக்கு வந்தது 1925ஆம் ஆண்டைச் சேர்ந்த டைப் 22. இரண்டு பேர் அமரும் திறந்த கார். பந்தயத்திலும் ஓடக்கூடியது, சாலையிலும் ஓடக்கூடியது. அன்றைய பணக்கார இளைஞர்களின் கனவு.

இந்தக் கார் எவ்வாறு ஏரிக்குள் சென்றது என்பதற்கு மிகப் பரவலான கதை ஒன்று உண்டு. 1934இல் பாரிஸில் ஓர் இரவு, புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர் ரெனே ட்ரேஃபுஸ் மதுமயக்கத்தில் சீட்டாடி, இந்தக் காரைச் சுவிஸ் நாட்டவர் ஒருவரிடம் தோற்றாராம். வென்றவர் காரை ஓட்டிக்கொண்டு தாய்நாடு திரும்புகையில், எல்லையில் இறக்குமதி வரி கேட்டார்களாம். அவரிடம் பணமில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்துவிட்டாராம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதே அதன்மீது ஐயம் கொள்ளப் போதுமான காரணம். ட்ரேஃபுஸ் 1930இல் மொனாக்கோ பந்தயத்தைப் புகாட்டியில் வென்றவர். கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் 1934இல் அவர் புகாட்டி நிறுவனத்தின் சொந்த அணியிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு பெல்ஜியப் பந்தயத்தையும் வென்றார். ஒன்பது ஆண்டுப் பழமையான பிரேஷா ஒன்று அவரிடம் இருந்திருக்கவே முடியாது என்று சொல்ல இயலாது. எனினும், பெயரற்ற பொருளைப் புகழ்பெற்ற பெயரோடு பிணைப்பது வாய்மொழி மரபின் வழக்கமான செயற்பாடு. பாழடைந்த மண்டபங்களையெல்லாம் ஏதேனும் ஓர் அரசியின் அந்தப்புரம் என்று சொல்லும் ஊர்க்கதைகளை ஆய்வாளர்கள் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்களோ அதே கண்ணோடு இதையும் பார்க்க வேண்டும்.

புகழ் குறைந்த மற்றொரு வரலாறும் உண்டு. மஜ்ஜோரே ஏரியின் சுவிஸ் கரையிலுள்ள அஸ்கோனாவில் 1930களில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் ஒருவர் இந்தக் காரைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்தார். அதற்குரிய வரியைக் கட்டவில்லை. ஊரைவிட்டுப் போகும்போது காரை விட்டுச் சென்றார் என்பது அது. மோந்தே வெரிதா குன்றின் கலைஞர் குடியிருப்பால் அறியப்பட்ட ஊர் அஸ்கோனா. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் வந்து தங்கிய இடம். இந்த வரலாற்றில் சீட்டாட்டம் இல்லை, மது இல்லை, வீரன் இல்லை. அதனாலேயே இது கூடுதல் நம்பகத்தன்மை உடையதாகத் தோன்றுகிறது.

இரண்டு கதைகளிலும் பொதுவாக வரும் பாத்திரம் ஒன்றே: சுங்க அதிகாரி. வரி செலுத்தப்படாத பொருளை நாட்டுக்குள் புழங்கவிடக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்பது விதி. செலுத்த வேண்டிய தொகையோ பழைய காரின் மதிப்பைவிட அதிகம். 1930களின் நடுப்பகுதியில் உள்ளூர் அதிகாரிகள் காரை ஏரியில் இறக்கினர். ஆனால் முற்றாகக் கைவிடவில்லை. பிறகு யாரேனும் பணத்தோடு வந்தால் மேலே இழுத்துக்கொடுக்கலாம் என்று சங்கிலியால் பிணைத்தே இறக்கினராம். விதிக்கும் பணிந்தாயிற்று, விதியின் கடுமைக்கு ஒரு சந்தும் விட்டாயிற்று. கீழ்நிலை அலுவலர்கள் எந்த நாட்டிலும் கையாளும் சமரசம்தான் இது. யாரும் வரவில்லை. சங்கிலி அரித்து அறுந்தது. கார் சரிந்து 53 மீட்டர் ஆழத்தில் போய்ப் படிந்தது.

1967 ஆகஸ்டில் உள்ளூர் நீர்மூழ்கு வீரர் ஒருவர் அதைக் கண்டார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அஸ்கோனாவின் நீர்மூழ்கு சங்கத்தினருக்கு அது ஒரு தரிசனப் பொருளாயிற்று. இறங்குவார்கள், விளக்கடித்துப் பார்ப்பார்கள், ஏறிவிடுவார்கள். எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எடுக்கவைத்தது ஒரு மரணம். 2008 பிப்ரவரி முதல் நாள், லொக்கார்னோ நகரின் திருவிழாக் கூட்டத்தில் இருபத்திரண்டு வயது மாணவர் ஒருவரை இளைஞர் சிலர் அடித்துக் கொன்றனர். அவருடைய குடும்பம் நீர்மூழ்கு சங்கத்தோடு தொடர்புடையது. இளையோர் வன்முறைக்கு எதிராகப் பணியாற்ற அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதற்கு நிதி வேண்டும். சங்கத்தினரிடம் விற்கக்கூடிய பொருள் என்று ஏதேனும் இருந்ததென்றால் அது ஏரியின் அடியில்தான் இருந்தது. மாதக்கணக்கான உழைப்புக்குப் பின், 2009 ஜூலை 12 அன்று, கரையில் பெருங்கூட்டம் பார்த்திருக்கக் கார் மேலே வந்தது.

வந்த பொருளின் நிலை கவனத்துக்குரியது. சேற்றில் புதைந்திருந்த பக்கம் வடிவம் தெரியுமளவு தப்பியிருந்தது. நீரோடு தொடர்பிலிருந்த பக்கம் பெரிதும் அழிந்திருந்தது. இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜன் வேண்டும். ஆழத்துச் சேற்றில் அது அரிது. புதைகுழியின் பொருட்கள் அகழ்ந்தெடுத்தபின் வேகமாக அழிவதைத் தொல்லியல் மாணவர்கள் அறிவார்கள். இங்கும் அவ்வாறே, ஆண்டுக்கணக்கில் பாதுகாத்தது சேறு; காற்றுப் பட்ட நாளிலிருந்துதான் ஆபத்து. எவருடைய பராமரிப்பும் இல்லாததே அந்தப் பாதியைக் காப்பாற்றிற்று எனலாம். கரையில் கவனத்தோடு வைத்திருந்தால் பிற்கால உரிமையாளர்கள் எஞ்சினை மாற்றியிருப்பார்கள், புதுவண்ணம் பூசியிருப்பார்கள், இருக்கைத் தோலைக் களைந்திருப்பார்கள். அதே தலைமுறையைச் சேர்ந்த எத்தனையோ கார்களுக்கு அதுதான் நேர்ந்தது.

அதற்கு எதிர்முனையில் ஒரு கொள்முதலை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹாஃப்மன் என்னும் சிற்றூரில், மீன்பிடிக் கருவித் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஷேக்ஸ்பியர் முப்பது புகாட்டிகளைச் சேர்த்திருந்தார். சேர்த்தவர் பேணவில்லை. மண்தரையும் உடைந்த சன்னல்களும் கொண்ட கட்டடத்தில் அவை கிடந்தன. 1964இல் பிரான்சின் முலூஸ் நகரக் கம்பளித் தொழிலதிபர்களான ஷ்லும்ப் சகோதரர்கள் முப்பதையும் மொத்தமாக 85,000 டாலருக்கு வாங்கி, ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிக் கொண்டுவந்தனர். அவற்றுள் மிக அரிய ரோயால் காரும் ஒன்று. தங்கள் ஆலை வளாகத்துக்குள் பணிமனை அமைத்து, வந்த கார்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பளபளப்பாக்கினர். ஊருக்குச் சொல்லாமல் நடந்த அந்தச் சேகரிப்பு 1977இல் ஆலைத் தொழிலாளர்கள் உள்ளே புகுந்தபோதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. வேலையிழந்தவர்கள் கண்டது தங்கள் உழைப்பின் பயன் எங்கே போயிற்று என்பதை. இன்று அது பிரான்சின் தேசிய மோட்டார் அருங்காட்சியகம். அதன் செல்வத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் ஹாஃப்மன் ஊர்க் கொட்டகையில் அந்தக் கார்கள் சுமந்துகொண்டிருந்த முப்பது தனித்தனி வாழ்க்கைகளின் தடயங்களில் பெரும்பகுதியை அந்தப் புதுப்பொலிவிலிருந்து இனி மீட்க முடியாது.

பழையதைப் புதியதாக்குவது அழிப்பே என்ற வாதம் கார்களுக்கு முன்பே கட்டடங்களுக்காக எழுந்தது. 1877இல் வில்லியம் மாரிஸ் இங்கிலாந்தில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியது தேவாலயங்களின் 'திருப்பணி'களுக்கு எதிராகவே. 1903இல் வியன்னாவின் அலோயிஸ் ரீகல் ஒரு நினைவுச்சின்னத்தின் வரலாற்று மதிப்பையும் முதுமை மதிப்பையும் வேறுபடுத்தினார். முன்னது, பொருள் தோன்றிய காலத்தைப் பற்றி அது தரும் சாட்சியம். பின்னது, காலம் அதன்மீது கடந்துசென்ற தடம். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இவ்விவாதத்தைக் கட்டடங்களுக்கான நெறியாக்கியது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் டுரின் சாசனத்தை ஏற்றது. வெனிஸிலிருந்து டுரினுக்கு வர நாற்பத்தெட்டு ஆண்டுகள். ஷ்லும்ப் சகோதரர்களின் ரயில் புறப்பட்ட ஆண்டும் வெனிஸ் சாசனத்தின் ஆண்டும் ஒன்றே என்பது தற்செயல்தான். எனினும் கட்டடத்துக்குக் கிடைத்த அறம் காருக்குக் கிடைக்க எவ்வளவு தாமதமானது என்பதை அது காட்டுகிறது.

முல்லின் செய்தது இந்தப் பின்னணியில்தான் பொருள்படுகிறது. ஏரிக் காரை அவர் செப்பனிடவில்லை. ஆக்ஸ்னார்டில் 2010இல் திறந்த தமது அருங்காட்சியகத்தில், சேறும் துருவும் கொண்ட அதே நிலையில் காட்சிக்கு வைத்தார். 2008இல் ஷ்லும்ப் சேகரிப்பின் எஞ்சிய இருப்பிலிருந்து 62 கார்களை வாங்கியவரும் அவரே. அவற்றில் சிலவற்றையும் தீண்டாமலே வைத்தார். பேணாமையை ஆவணமாகப் படிக்கும் பார்வை அது. அந்த அருங்காட்சியகம், 2023இல் அவர் மறைந்தபின், 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது.

சந்தையும் இப்பார்வையை விரைந்து கற்றுக்கொண்டது என்பதை மறைக்கலாகாது. 2015 பிப்ரவரியில், மேற்குப் பிரான்சின் போக்குவரத்துத் தொழிலதிபர் ரோஜே பையோனின் மறக்கப்பட்ட சேகரிப்பிலிருந்து 59 கார்களை ஆர்க்கூரியல் நிறுவனம் ஏலம் விட்டது. அருங்காட்சியகம் அமைக்கும் கனவோடு அவர் வாங்கியவை. 1970களில் தொழில் நொடித்தபின் தகரக் கொட்டகைகளின்கீழ் கிடந்தவை. நடிகர் அலென் தெலோனிடம் ஒருகாலத்தில் இருந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர், பழைய இதழ்க் குவியலின் அடியிலிருந்து கிடைத்தது. அதன் விலை ஏறத்தாழ 1.63 கோடி யூரோ. தூசியைத் துடைக்காமலே காட்சிக்கு வைத்தார்கள். தூசிக்கும் விலை உண்டு என்றானபின் தூசியின் கதைக்கும் விலை உண்டு. அந்நிலையில் ஏலப் பட்டியலில் அச்சாகும் சீட்டாட்டக் கதைகளைச் சான்றாக எடுத்தாளும் ஆய்வாளர் இருமடங்கு எச்சரிக்கையோடிருக்க வேண்டும். ட்ரேஃபுஸ் தோற்றாரா இல்லையா என்பது விலையைத் தீர்மானிக்கலாம்; அஸ்கோனாவின் சுங்கச் சாவடியில் நடந்ததைத் தீர்மானிக்காது.

இந்தியச் சட்டமும் இவ்விவாதத்துக்குள் அண்மையில் நுழைந்திருக்கிறது. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்கள் என வரையறுத்து, அவற்றுக்கு 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் வரிசையை அளித்தன. ஆனால் ஒரு நிபந்தனை: வாகனம் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் எதுவும் நிகழ்ந்திருக்கக் கூடாது. இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு முலூஸின் பளபளக்கும் கார்களையும் மஜ்ஜோரே ஏரியின் சேறு படிந்த காரையும் அருகருகே நிறுத்தினால், அசல் என்ற சொல்லுக்கு அதிகம் உரிமையுடையது எது என்பதில் ஐயமிருக்காது. ஆனால் சாலையில் ஓடப் பதிவெண் பெறக்கூடியவை முலூஸின் கார்கள்தான்.