கூலி என்னும் அடைமொழி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் வீதியில் அவிசாவளையைக் கடந்தால் எஹலியகொட வரும். சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். அங்கே தொழிலாளர் வாழும் நீள் வரிசை வீடுகளைத் தமிழர் லயம் என்பர். வெள்ளைத் துரைமாரின் ஏடுகளில் அவை ‘கூலி லைன்ஸ்’. லைன்ஸ் தமிழுக்கு வந்து லயமாயிற்று. முன்னே நின்ற ‘கூலி’ வரவில்லை. அது இங்கிருந்து போன சொல்தானே.

போனபோது அதற்கு இந்த இழிவு இல்லை. தமிழில் கூலி என்றால் உழைப்பின் ஊதியம். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் முயற்சியின் பயனையே கூலி என்கிறார். ஆங்கிலத்திலோ ஊதியம் மறைந்து ஆள் வந்தான். 1886இல் வெளியான ஹொப்சன்-ஜொப்சன் அகராதி குஜராத்தின் கோலி இனப் பெயரையும் இதற்கு மூலமாக ஆராய்கிறது. அந்த வழக்கை அறிஞர்கள் தீர்க்கட்டும். இலங்கையின் 1889ஆம் ஆண்டு 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நம்மவரைத் தன் தலைப்பிலேயே ‘இந்தியக் கூலிகள்’ என்றது.

பெயர்ச்சொல் அடைமொழியானபோதுதான் இகழ்ச்சி முழுமை பெற்றது. 1893இல் தென்னாபிரிக்கா சென்ற காந்தி, தாம் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டதைச் சுயசரிதையில் எழுதுகிறார். செல்வந்தரான இந்திய வணிகரும் அங்கே ‘கூலி வணிகர்’தாம். தொழிலைச் சுட்டிய சொல் பிறப்பைச் சுட்டலாயிற்று. கயானாவிலும் டிரினிடாட்டிலும் இந்திய வம்சாவளியினரை இன்றும் அது சுடும். 2025இல் ரஜினிகாந்தின் படத்துக்கு அதுவே தலைப்பானபோது தமிழகத்தில் எவருக்கும் உறுத்தவில்லை. ஊரில் நிற்கும் சொல்லும் கடல் கடந்த சொல்லும் ஒன்றல்ல.

ஆங்கிலேயரைச் சாடுவது எளிது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ‘கள்ளத்தோணி’ என்ற வசையும் அவர்கள்மீது விழுந்தது. ‘தோட்டக்காட்டான்’ என்பதோ சுத்தத் தமிழ். தமிழன் தமிழனுக்குச் சூட்டியது. பத்திரிகை மேசையில் இவ்விரு சொற்களையும் நான் பலமுறை வெட்டியிருக்கிறேன். திண்ணைப் பேச்சில் வெட்ட எவரால் முடியும்?

தோட்டத்து மக்களோ ஒரு நாள் வேலையைக் கூலி என்பதைவிடப் ‘பேர்’ என்றே பெரிதும் சொல்வர். செக்ரோலில் பெயர் பதிந்தால்தான் அன்றைய சம்பளம். குறித்த நிறைக்கு இறப்பர்ப் பால் சேராவிட்டால் பாதிச் சம்பளம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அரைப் பேர்’.