பத்துப் பேருக்கு ஒரு வீடு

நம் சங்கத்தில் எந்த ஊர்க் கிளையின் கூட்டமானாலும், "நமக்கென்று ஒரு முதியோர் இல்லம் ஆரம்பித்தால் என்ன?" என்ற கேள்வி வருஷத்துக்கு ஒரு தடவையாவது எழாமல் போவதில்லை. பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில், அப்பாவும் அம்மாவும் மட்டும் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் என்று இருக்கும் குடும்பங்கள் நம்மில் அநேகம். ஆகவே கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேள்வி எழுந்த ஐந்தாவது நிமிஷத்தில் பேச்சு, நிலம் எத்தனை க்ரவுண்டு, அறை எத்தனை, நன்கொடை எவ்வளவு வசூலாகும் என்று போய்விடுகிறது. அந்த அறைக்குள் இருக்கப் போகிறவர் பக்கமிருந்து யாரும் யோசிப்பதில்லை.

நானும் யோசித்ததில்லை, என் அத்தை சொல்லும்வரை.

அத்தைக்கு 82 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. குழந்தைகள் இல்லாதவள். மருமான்கள் நாங்கள் நால்வரும் கலந்து பேசி, ஓர் இல்லத்தில் சேர்த்தோம். நல்ல இல்லம்தான். வேளைக்கு ருசியான சாப்பாடு, சுத்தமான படுக்கை, வாரம் இரண்டு முறை டாக்டர். காலை ஐந்து மணிக்கு ஃபில்டர் காபி சாப்பிடுவது அவளுடைய அறுபது வருஷப் பழக்கம். அங்கே காபி ஆறரைக்குத்தான். அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. ஒரு நாள் நான் போயிருந்தபோது மெதுவாகச் சொன்னாள்: "எல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாதுடா. புடவை மாத்திக்கறச்சேகூட யாராவது உள்ளே வந்துடறா."

"பாதுகாப்புக்குத்தான் அத்தை. நீங்க விழுந்துட்டா எப்படிக் கதவைத் திறக்கறது?" என்றேன். அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. மறு வருஷம் காலமாகிவிட்டாள்.

பிற்பாடு, இம்மாதிரி இல்லங்களின் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தபோதுதான், அத்தை ஒரு வரியில் சொன்ன குறை, வேறொரு தேசத்தில் ஐம்பது வருஷம் பல பேர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் என்று தெரிந்தது. அங்கத்தினர்கள் இல்லம் தொடங்குமுன் அந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

ஏழை விடுதியும் வாடகை வீடும்

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், அமெரிக்காவில் ஆதரவில்லாத வயோதிகர்களுக்குக் கடைசிப் புகலிடம் ஏழை விடுதி. உள்ளூர் நிர்வாகம் நடத்தும் இடம். அநாதைகள், மனநோயாளிகள், குடிகாரர்கள், வயதானவர்கள் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்ட் 14 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வயோதிகர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அரசாங்க விடுதியில் இருப்பவர்களுக்கு அந்தத் தொகை கிடையாது என்று சட்டம் சொல்லிற்று. ஏழை விடுதிகள் ஒழிய வேண்டும் என்பதே நோக்கம்.

எதிர்பாராத பலன் வேறு. கையில் மாதம் ஒரு தொகை வந்ததும், வயதானவர்கள் தனியார் வீடுகளில் வாடகைக்குத் தங்கினார்கள். விதவைகளும் ஓய்வு பெற்ற நர்ஸுகளும் தங்கள் வீட்டின் காலி அறைகளில் நாலைந்து பேரை வைத்து, சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இன்று நாம் பேசும் சின்ன இல்லத்தின் மூதாதை இதுதான்.

இவற்றில் அன்போடு நடத்தப்பட்ட வீடுகளும் இருந்தன. காசுக்காக மட்டும் நடத்தப்பட்ட இருட்டறைகளும் இருந்தன. கேட்பார் இல்லை. 1950-இல்தான் சட்டத்தைத் திருத்தி, இம்மாதிரி இடங்களுக்கு விதிமுறை வகுத்துக் கண்காணிக்க ஒவ்வொரு மாநிலமும் ஓர் அமைப்பை வைக்க வேண்டும் என்றார்கள். ஆக, முதல் பாடம் இது: இல்லம் சின்னதாக இருந்தால் மட்டும் நல்லதாகிவிடாது.

ஆஸ்பத்திரியின் நிழல்

1946-இல் ஹில்-பர்ட்டன் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணத்தில் ஊர் ஊராக ஆஸ்பத்திரி எழும்பிற்று. வியாதி தீர்ந்தும் வீடு திரும்ப முடியாத வயோதிகர்கள் அந்தப் படுக்கைகளில் தங்கிவிட்டார்கள். அவர்களை வேறிடத்துக்கு மாற்ற, 1954-இல் நர்ஸிங் ஹோம் கட்டவும் நிதி கொடுத்தார்கள். நம் ஊரில் நர்ஸிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அது வயோதிகர்கள் நிரந்தரமாகத் தங்கும் இடம். ஆனால் கட்டிய விதம் ஆஸ்பத்திரி மாதிரியேதான்: நீண்ட வராந்தா, நடுவில் நர்ஸின் மேஜை, இரண்டு பக்கமும் இரட்டைக் கட்டில் அறைகள். 1965-இல் மெடிகேர், மெடிகெய்ட் திட்டங்கள் வந்து செலவை ஏற்றதும் இவை பெருகின.

விபத்துகளும் நடந்தன. 1963 நவம்பர் 23 அன்று ஒஹையோ மாநிலத்தில் ஃபிட்ச்வில் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 84 பேரில் 63 பேர் இறந்தார்கள். முந்தின நாள்தான் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டிருந்தார். தேசமே அந்தத் துக்கத்தில் இருந்ததால், இந்த 63 பேரின் சாவு செய்தித்தாள் மூலையில் ஒதுங்கிவிட்டது. இம்மாதிரி விபத்துகளுக்குப் பிறகு தீ விதிகள் இறுகின. அது அவசியம்தான். ஆனால் அதோடு, பாதுகாப்பு என்ற ஒரு சொல்லே மற்ற எல்லாவற்றையும் விழுங்க ஆரம்பித்தது. எப்போது எழுந்திருப்பது, எப்போது சாப்பிடுவது, யார் அறைக்குள் வரலாம் என்பதெல்லாம் அங்கே இருப்பவர் கையை விட்டுப் போயிற்று.

ஒரு பெண்ணும் அவள் அம்மாவும்

இதை மாற்றியவர் கெரன் பிரௌன் வில்ஸன் என்ற அம்மாள். மேற்கு வர்ஜீனியாவில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு 19 வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறார். 55 வயதான அம்மா ஜெஸ்ஸியைப் பக்கவாதம் தாக்கிற்று. நடை போயிற்று, பேச்சு குழறிற்று, அறிவு மட்டும் அப்படியே தெளிவாக இருந்தது. மகளுக்கோ சம்பாத்தியம் இல்லை. அம்மா பத்து வருஷத்துக்கு மேல் நர்ஸிங் ஹோம்களில் கழித்தாள். பார்க்கப் போகும்போதெல்லாம், தன்னை வீட்டுக்கு அழைத்துப் போகும்படி கேட்பாள்.

மகள் முதுமையியலில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். என் மாதிரி ஜனங்களுக்கு நீ ஏதாவது செய்யக் கூடாதா என்று அம்மா கேட்டாள். அப்படியானால் உனக்கு என்ன வேண்டும் என்று மகள் விசாரித்தார். அந்த அம்மாள் கேட்டது பிரமாதமாக ஒன்றுமில்லை. சின்னதாக ஓர் இடம், அதில் ஒரு குட்டி சமையலறை, ஒரு குளியலறை, கூடவே தன் பூனை, விக்ஸ் டப்பா, காபிப் பாத்திரம். இஷ்டமில்லாதபோது கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை. என் அத்தைக்கும் இந்த அம்மாளுக்கும் கோத்திரம் வேறு, தேசம் வேறு. கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான்.

1983-இல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் வில்ஸனும் அவர் கணவரும் பார்க் ப்ளேஸ் என்ற இடத்தைத் திறந்தார்கள். அசிஸ்டெட் லிவிங், அதாவது உதவியோடு கூடிய வாசம் என்ற பெயரில் தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று. எண்ணிக்கையில் அது சின்னதல்ல, 112 குடித்தனங்கள். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி வீடு. கதவுக்குப் பூட்டு. சாவி இருப்பவரிடம். சொந்தச் சாமான், சொந்தச் சமையல் மேடை, ஆசைப்பட்டால் நாயோ பூனையோ. ராத்திரியோ பகலோ கூப்பிட்டால் உதவிக்கு ஆள் வரும். ஆனால் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

விமரிசகர்கள் பயந்தார்கள். கிழவர்கள் உள்ளே விழுந்து கிடந்தால் யார் பொறுப்பு என்றார்கள். நான் அத்தையிடம் கேட்ட அதே கேள்வி! மாநில அரசு, இங்கே இருப்பவர்களின் நிலையைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கு வைக்கச் சொல்லிற்று. 1988-இல் முடிவு வெளியாயிற்று. உடல் நிலை கெடவில்லை. நடமாட்டமும் நினைவும் முன்னைவிடத் தேறியிருந்தன. மனச்சோர்வு குறைந்திருந்தது. அரசு உதவியில் இருந்தவர்களுக்கு ஆன செலவு நர்ஸிங் ஹோமைவிட 20 சதவீதம் குறைவு.

ஆரிகன் இன்னொரு வழியையும் வைத்திருந்தது. ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே ஐந்து பேர் வரை வைத்துப் பராமரிக்கலாம். அரசு லைசென்ஸும் மேற்பார்வையும் உண்டு. மெடிகெய்ட் பணத்தை நர்ஸிங் ஹோமுக்கு வெளியே செலவழிக்க 1981-இல் முதல் அனுமதி வாங்கிய மாநிலம் அதுதான். 1930-களின் வாடகை வீடு, இந்தத் தடவை கண்காணிப்போடு திரும்பி வந்தது எனலாம்.

பெயர் பரவிற்று, பொருள் தேய்ந்தது

பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 1990-களில் அசிஸ்டெட் லிவிங் பெரிய வியாபாரமாயிற்று. பெயரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பூட்டையும் சாவியையும் சௌகரியமாக மறந்தார்கள். 1500 இல்லங்களைப் பற்றி 2003-இல் வெளியான ஆய்வில், தனிமையும் தந்து, தளர்ந்த பிறகும் அங்கேயே இருக்கும்படி போதிய உதவியும் தருபவை 11 சதவீதம்தான் என்று தெரிந்தது. இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் அதுல் கவாண்டே 2014-இல் எழுதிய 'பீயிங் மார்ட்டல்' என்ற புஸ்தகத்தில் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறார். இல்லத்தைத் தேர்ந்தெடுப்பதும் பணம் கட்டுவதும் பெரும்பாலும் பிள்ளைகள். அவர்கள் பார்ப்பது பாதுகாப்பையும் முன்கூடத்தின் அழகையும்தான். ஆகவே இல்லங்கள் பிள்ளைகளின் கண்ணுக்கு ஏற்றபடி அமைகின்றன. படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

அதே 2003-இல் மிஸிஸிப்பி மாநிலத்தின் டூப்பெலோ நகரில், டாக்டர் பில் தாமஸின் யோசனைப்படி, க்ரீன் ஹவுஸ் என்ற பெயரில் நான்கு வீடுகள் திறந்தார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர். ஆளுக்குத் தனி அறை, குளியலறை. நடுவில் திறந்த சமையலறை, எல்லோரும் உட்காரும் ஒரே சாப்பாட்டு மேஜை. நர்ஸின் மேஜை கிடையாது. சமைப்பது, துவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அதே சில பணியாளர்கள்தான். அதனால் யாருக்கு எப்போது காபி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது, இம்மாதிரி சின்ன வீடுகளில் தொற்றும் மரணமும் பெரிய இல்லங்களைவிடக் குறைவாக இருந்தன.

நமக்கு என்ன?

நம் தேசத்திலும் இதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. 'லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி புவர்' என்ற கன்னியர் சபை 1882-இல் கல்கத்தாவில் இல்லம் தொடங்கிற்று. சென்னையில் சாவித்திரி வைத்தி அவர்கள் 1978-இல் ஆதரவற்ற வயோதிகப் பெண்களுக்காக விஷ்ராந்தியை ஆரம்பித்தார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு அமைக்கக்கூடிய இல்லங்களைப் பற்றி அது சொல்லும்போது, வறியவர்களுக்காக ஒவ்வொன்றிலும் குறைந்தது 150 பேருக்கு இடம் என்கிறது. தேவை பெரியது, ஆகவே எண்ணும் பெரியது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம் சங்கம் போன்றவை செய்ய வேண்டியது அதுவல்ல என்றே நினைக்கிறேன். நம்மால் முடிந்தது பத்துப் பேருக்கு ஒரு வீடு.

செலவுக் கணக்கையும் மறைக்கக் கூடாது. பத்துப் பேருக்குப் பகலில் இரண்டு பணியாளர், ராத்திரி விழித்திருக்க ஒருவர் என்று வைத்தால், நாளொன்றுக்கு 36 மணி நேர வேலை. வாரத்துக்கு 252 மணி. ஓர் ஆளுக்கு வாரம் 48 மணி என்றால் ஐந்தேகால் ஆள். லீவு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்து ஆறு பேர் வேண்டும். சமையல்காரர் தனி. அந்த ராத்திரி ஆளின் சம்பளத்தைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்வதைவிட முப்பது பேர் பங்கிட்டுக்கொண்டால் சுலபம். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய இல்லங்கள் பெருத்துப் போவது பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான். ஆகவே வசூலாகும் நன்கொடையைக் கட்டடத்தில் கொட்டாமல், ஒரு பகுதியை வைப்பு நிதியாகப் போட்டு, ராத்திரிச் சம்பளத்துக்கு ஒதுக்குவது உசிதம். புது வீடு கட்டக்கூட வேண்டாம். தரைத் தளத்தில் நல்ல பழைய வீடு ஒன்று போதும்.

தீப்பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் கூடாது. 2023 ஜனவரி 1 விடியற்காலை, தில்லி கிரேட்டர் கைலாஷ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் தீப்பிடித்து இரண்டு வயோதிகப் பெண்மணிகள் இறந்தார்கள். இரண்டு வெளிவழி, புகை தெரிந்தால் ஒலிக்கும் மணி, ராத்திரி ஆளுக்குப் பயிற்சி, இவை இல்லாமல் ஒருவரையும் சேர்க்கக் கூடாது.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வரும்போது, நிலத்தையும் நன்கொடையையும் பேசுமுன், அங்கே தங்கப் போகிற வயதில் இருக்கும் நாலு பேரை முன்வரிசையில் உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்போம். பிள்ளைகள் பிறகு பேசட்டும்.

தாழ்ப்பாள் விஷயத்தைப் பின்னால் ஓர் ஆசாரியிடம் விசாரித்தேன். உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளலாம், அவசரமானால் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கலாம், அப்படிப்பட்ட பூட்டு சாதாரணமாகக் கடையில் கிடைக்கிறது, அரை மணி வேலை என்றார். அத்தை கேட்ட அன்றே நான் அதை விசாரித்திருக்கலாம்.