பரேலில் ஒரு வார்டும் ஒரு கையெழுத்தும்

போன மாதம் ஆபீஸ் நண்பர் ஒருவரின் மாமனாரைப் பார்க்க பரேல் கே.ஈ.எம். மருத்துவமனைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது, "அருணா ஷான்பாக் இங்கேதானே இருந்தாங்க?" என்றேன். நண்பருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. என்னால் மறக்க முடியாது. காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அருணா அங்கே நர்ஸ். கர்நாடகத்தின் ஹல்திபூர்க்காரர். நம்மைப்போலப் பிழைக்க வந்தவர். 1973 நவம்பர் 27 அன்று, அதே மருத்துவமனையின் துப்புரவுத் தொழிலாளி ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்து அவரைச் சீரழித்தான். மூளைக்கு ரத்தம் போகாமல், அவர் மீளாத நிலைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 25. அதன்பின் 42 வருஷம் நான்காம் வார்டை ஒட்டிய அறையில்தான் கிடந்தார். 1980களில் மாநகராட்சி அவரை வேறு இடத்துக்கு மாற்றப் பார்த்தபோது நர்சுகள் போராடித் தடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த நர்சுகள் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் கதையைப் புத்தகமாக எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்த அனுமதிக்கும்படி 2009ல் உச்ச நீதிமன்றம் போனார். 2011 மார்ச் 7ல் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் மறுத்துவிட்டார்கள். அருணாவின் சார்பில் பேசும் உரிமை விரானிக்கு இல்லை, இத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட மருத்துவமனைக்காரர்களுக்குத்தான் என்றார்கள். அவர்களோ, அருணா வாழட்டும் என்றார்கள். 2015 மே 18ல் நிமோனியாவில் அவர் இறந்தார்.

அதே தீர்ப்புதான் நம் நாட்டில் முதன்முதலாக ஒரு கதவையும் திறந்தது. ஊசி போட்டு உயிரை எடுப்பது குற்றம்தான். ஆனால் மீள வழியே இல்லாதவருக்கு உயிர்காக்கும் கருவிகளை விலக்கலாம். அதற்கு உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், மூன்று டாக்டர்கள் அறிக்கை தர வேண்டும், குறைந்தது இரண்டு நீதிபதிகள் விசாரிக்க வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் நிற்பவனுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா?

மருத்துவமனைகள் வேறு வழி வைத்திருந்தன. 2016ல் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். 19 நாள் வெண்டிலேட்டர். பெயர் வேண்டாம், இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனை. பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி பலனில்லை. நாங்களாக எடுத்தால் கேஸாகும். நீங்களே கூட்டிப் போவதாக எழுதிக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். வண்டி சயான் தாண்டும்போதே அப்பா போய்விட்டார்.

துபாயிலிருந்து அண்ணன் மறுநாள் வந்தான். ஃபைலைப் புரட்டினான். 'மருத்துவர் ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறேன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது, கீழே என் கையெழுத்து. "டாக்டர் வேணாம்னு சொல்லியும் ஏன்டா கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டான். ஆலோசனை சொன்னதே டாக்டர்தான் என்பது அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. அம்மா சொல்லி அவன் சமாதானமாக மூன்று வருஷம் ஆனது.

'காமன் காஸ்' என்ற அமைப்பு 2005ல் போட்ட வழக்கில், 2018 மார்ச் 9ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கௌரவமாகச் சாவதும் உரிமை, ஒருவர் சுயநினைவோடு இருக்கும்போதே தன் விருப்பத்தை எழுதி வைக்கலாம் என்றது. ஆனால் அந்த உயிலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும். மருத்துவமனைக் குழுவில் 20 வருஷ அனுபவமுள்ள டாக்டர்கள் வேண்டும், பிறகு கலெக்டர் இன்னொரு குழு போட வேண்டும், கடைசியில் மாஜிஸ்திரேட் நோயாளியை நேரில் வந்து பார்க்க வேண்டும். மருத்துவமனைகள் பழையபடி அந்தப் படிவத்தையே நீட்டின.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இதைச் சுலபமாக்கியது. இரண்டு சாட்சிகளோடு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும். இரண்டு குழுக்களையும் மருத்துவமனையே அமைக்கலாம். ஒவ்வொன்றிலும் மூன்று டாக்டர்கள், 5 வருஷ அனுபவம் போதும். இரண்டாவது குழுவில் ஒருவரை மட்டும் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பார். கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு. செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். 2025 ஜனவரியில் கர்நாடக அரசு, மருத்துவமனைகள் இப்படிக் குழு அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கையே விட்டது.

நாற்பது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்ட கே.ஈ.எம். நர்சுகளை நான் குறை சொல்ல மாட்டேன். விடமாட்டோம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்லிப் பொறுப்பை ஏற்றார்கள். நான் பார்த்த மருத்துவமனை முடிவைத் தானே எடுத்துவிட்டுப் பழியை மகன் தலையில் வைத்தது. சட்டம் இத்தனை தூரம் வந்தது, அந்த முடிவை மருத்துவமனை தன் பெயரில் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களில் ஒருவன் மருத்துவமனையில் இருப்பான், மற்றவர்கள் போனில் இருப்பார்கள். அதனால் இரண்டு காரியம். ஐ.சி.யூ.வில் யாராவது அந்தப் படிவத்தை நீட்டினால், "உங்கள் மெடிக்கல் போர்டு என்ன சொல்கிறது, எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். இரண்டாவது, தெம்பாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். முடிவெடுக்க ஒருவருக்கு மேல் பெயர் குறிப்பிடலாம்.

நான் எழுதிவிட்டேன். மனைவி பெயருக்குக் கீழே அண்ணன் பெயரும் இருக்கிறது. போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் ஒண்ணு எழுதணும், உன் பேரைப் போடறேன்" என்றான்.